மூன்று முறை வங்குரோத்தானவர்: சக்ஸபோனைத் தந்த அடோல்ப் சக்ஸ்

கடந்த வாணிவிழாவின்போது எமது மண்டபத்தில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் சக்ஸபோனில் வாதாபி கணபதிம் வாசித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நன்றாகவே வாசித்தான். மங்களம் முடிந்து அவலும் கடலையும் பகிர்ந்துகொண்டிருந்த வேளையில், செருப்பு வைக்கும் இடத்தில் நின்ற பெரியவர் ஒருவர், மதுச்சாலைகளில் ஊதும் வாத்தியத்தைச் சரஸ்வதிக்கு முன்னால் ஊத விடலாமா என்று குறைப்பட்டுக்கொண்டார். பிள்ளையின் தாயாருக்கும் அது கேட்டது. நாம் பக்கத்தில்தான் நின்றோம். அந்த நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அந்த வாத்தியத்தைச் செய்தவர் மதுச்சாலைக்காக அதைச் செய்யவில்லை. அவர் காலத்தில் ஜாஸ் என்ற இசையே பிறந்திருக்கவில்லை. அவர் ஒரு கிளாரினெட் கலைஞர். கிளாரினெட் செய்பவரின் மகன். பிழைப்புத் தேடி வேறொரு நாட்டின் தலைநகரத்துக்குப் போனவர். நாம் தொழிலால் கணக்காளராதலால், அவருடைய இசையை அறிந்துகொள்வதற்கு முன்பே அவர் மூன்று முறை வங்குரோத்தான செய்திதான் எம்மை இழுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அடோல்ப் சக்ஸ் 1814ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி, இன்றைய பெல்ஜியத்தில் மியூஸ் நதிக் கரையில் உள்ள டினான் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் அந்துவான் ஜோசப். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை சார்ள்ஸ் ஜோசப் சக்ஸ் தச்சுத் தொழிலிலிருந்து வாத்தியத் தொழிலுக்கு வந்தவர். அடுத்த வருடமே குடும்பம் பிரசெல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அந்நாட்டை ஆண்ட ஒல்லாந்து மன்னரின் அரண்மனைக்கு வாத்தியம் செய்து கொடுக்கும் நிலைக்கு அந்தத் தந்தை உயர்ந்தார்.

பிள்ளை பிழைத்ததே புண்ணியம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து தலை கல்லில் அடிபட்டது, பால் என்று நினைத்து அமிலம் கலந்த தண்ணீரைக் குடித்தார், குண்டூசியை விழுங்கினார், வெடிமருந்து வெடித்து உடல் எரிந்தது, வார்னிஷ் பூசிய பொருட்கள் காய்ந்துகொண்டிருந்த அறையில் நித்திரை கொண்டு மூச்சுத் திணறினார், ஆற்றில் மிதந்தபோது யாரோ கண்டு இழுத்தெடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் அவரைக் குட்டிப் பேய் என்ற கருத்தில் அழைத்தார்களாம். இவையெல்லாம் அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய நண்பர் ஒருவர் எழுதிய வரலாற்றில் உள்ளவை. நண்பர் சற்றுக் கூட்டியும் எழுதியிருக்கலாம். கூட்டியதைக் கழித்தாலும் மிச்சம் நிறையவே இருக்கிறது.

இனிக் கிளாரினெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு கதை விளங்கும். 1700ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோப் டென்னர் என்பவர், ஷலுமோ என்ற சிறிய குழலைத் திருத்தி உருவாக்கியதே கிளாரினெட் என்பார்கள். ஒற்றைச் சீவாளி, உட்துவாரம் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலம். இந்த அமைப்பினால் அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. புல்லாங்குழலில் ச வைத்துச் சற்று அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி ச வரும். கிளாரினெட்டில் அந்த ச வராது. அதையும் தாண்டி மேல் ஸ்தாயி ப தான் வரும். ஆகவே கீழே ஒரு விரல்முறை, மேலே வேறொரு விரல்முறை. இடையில் விடுபட்ட சுரங்களைப் பிடிக்க விசைகள் வேண்டும். டென்னர் காலத்தில் இரண்டே விசைகள். 1791இல் மோசார்ட் தமது புகழ்பெற்ற கொன்சேர்ட்டோவை எழுதியபோது ஐந்தாறு. 1812இல் இவான் முல்லர் பதின்மூன்று விசைகளோடு பாரிசில் வந்து நின்றார். ஒவ்வொரு விசையும் ஒரு குறையைத் தீர்த்து இன்னொரு குறையைக் கொண்டுவந்தது.

இந்தக் குழப்பத்துக்குள் வளர்ந்தவர் சக்ஸ். பட்டறையில் துளையிடவும் கடையவும் பழகிய அதே காலத்தில் பிரசெல்சில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் முறையாகப் பயின்றார். செய்பவருக்கு வாசிக்கத் தெரியாது, வாசிப்பவருக்குச் செய்யத் தெரியாது என்பதே அன்றைய நிலை. இவர் இரண்டும் தெரிந்தவர். 1835இல் 24 விசைகள் கொண்ட கிளாரினெட் ஒன்றைக் கண்காட்சியில் வைத்தார். அதைவிட முக்கியமானது 1838இல் ஆக்கவுரிமை பெற்ற அவருடைய கீழ் ஸ்தாயிக் கிளாரினெட். அதற்கு முன்பும் பலர் அதைச் செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் துளைகளை விரல் எட்டும் இடத்தில் வைத்ததால் சுருதி பிசகியது, ஒலி பலவீனமாக இருந்தது. சக்ஸ் துளைகளை ஒலி கேட்கும் இடத்தில் பெரிதாக வைத்து, அவற்றைத் தோல் பொதிந்த மூடிகளால் மூடி, மூடிகளை விசைகளால் இயக்கினார். இன்று ஓர்க்கெஸ்ட்ராக்களில் உள்ள அந்த வாத்தியத்துக்கு அடிப்படை அதுதான். இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு அவர் இருந்திருந்தாலும் வரலாற்றில் இடம் கிடைத்திருக்கும்.

ஊரில் மதிப்புக் கிடைத்ததா? 1841 பிரசெல்ஸ் கண்காட்சியில் நடுவர்கள் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்க மறுத்தார்கள். தகுதி போதாது என்பதல்ல காரணம், வயது போதாதாம். இப்போதே தங்கத்தைக் கொடுத்தால் அடுத்த முறை கொடுக்க ஒன்றும் இராது என்றார்களாம். இரண்டாம் பரிசை வாங்க அவர் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு, கையில் 30 பிராங்குடன் பாரிசுக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்வார்கள்.

பாரிசில் இராணுவ வாத்தியக் குழுக்களின் தரம் தாழ்ந்து கிடந்தது. ஜெனரல் ருமிஞி என்ற படை அதிகாரி இவருடைய வேலையை அறிந்து ஊக்கம் கொடுத்தார். இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1842 ஜூன் மாதத்தில் ஒரு பெரிய பத்திரிகையில் இவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார். நண்பர்களிடம் கடன் வாங்கி 1843இல் நெவ் சென் ஜோர்ஜ் வீதியில் பட்டறை திறந்தார். ஐந்தொகையின் இடது பக்கத்தில் திறமை, வலது பக்கத்தில் முழுவதும் பிறர் பணம். தொடக்கத்திலேயே கணக்கு இப்படித்தான்.

சக்ஸபோன் அவர் மனதில் எப்படி உருவானது? மரக் குழல்களின் ஒலி வெளியிடத்தில் எடுபடுவதில்லை. பித்தளை எக்காளங்களின் ஒலி காதை அறைகிறது. இரண்டுக்கும் நடுவில், தந்தி வாத்தியத்தின் இழைவும் பித்தளையின் வலுவும் கொண்ட ஒரு குரல் வேண்டும் என்று அவர் எண்ணினார். கிளாரினெட்டின் ஒற்றைச் சீவாளியை எடுத்து, மேலே ஒடுங்கிக் கீழே விரியும் பித்தளைக் குழலில் பொருத்தினார். குழல் கூம்பாக விரிவதால் கிளாரினெட்டின் அந்த விசித்திரக் குணம் மறைந்துவிட்டது: ச வைத்து அழுத்தினால் மேல் ச வந்தது. ஒரே விரல்முறை இரண்டு ஸ்தாயிக்கும் போதும். எமது நாதஸ்வரமும் கூம்புக் குழல்தான் என்பதை வாசகர்கள் கவனிக்கவும். இதற்குப் பின்னர் வருவோம்.

1844 பெப்ரவரியில் பெர்லியோஸ் நடத்திய கச்சேரியில் சக்ஸ் தாமே அதை வாசித்தார். வாத்தியம் முழுமையாக முடிந்திருக்கவில்லை. நூலாலும் அரக்காலும் சில பாகங்களை ஒட்டிக்கொண்டு வந்து வாசித்ததாகச் சொல்வார்கள். எமது கலைவிழாக்களில் மேடையேறும் நேரத்தில் ஊசி நூல் தேடும் பெற்றோருக்கு இது ஆறுதலாக இருக்கும்.

அடுத்து வந்தது 1845 ஏப்ரல் 22ஆம் திகதிப் போட்டி. இடம், பின்னாளில் ஐபல் கோபுரம் எழுந்த ஷாம் டி மார்ஸ் மைதானம். பழைய முறைக் குழு ஒருபுறம், சக்ஸ் தமது புதிய பித்தளை வாத்தியங்களோடு மறுபுறம். சக்ஸ்ஹோர்ன் எனப்படும் அந்த வாத்தியக் குடும்பம் இன்றும் ஐரோப்பிய ஊர்ப் பாண்ட் குழுக்களில் இருக்கிறது. எதிரணியில் 45 பேர். சக்ஸின் அணியில் ஏழு பேர் கடைசி நேரத்தில் வராததால் 38 பேர். காசு கொடுத்து நிறுத்தினார்கள் என்று அன்றே பேசப்பட்டது. பல்லாயிரம் பேர் கூடியிருந்த அந்த மைதானத்தில் சக்ஸின் குழுவுக்கே கரகோஷம். சில மாதங்களில் இராணுவக் குழுக்கள் அவருடைய வாத்தியங்களை ஏற்கவேண்டுமென்று அரசு கட்டளை பிறந்தது.

அன்றைக்கே பாரிஸ் வாத்தியக்காரர்களின் பகையும் பிறந்தது. பரம்பரை பரம்பரையாகத் தொழில் செய்தவர்களின் வாயில் விழுந்த சோற்றை நேற்று வந்த பெல்ஜியன் தட்டிப் பறித்துவிட்டான் என்ற ஆத்திரம். அதில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஒரு கட்டளையால் ஒருவர் வாழ்ந்தால் பலருடைய பட்டறை வாடும். அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் இருந்தன. ஆனால் அவர்கள் எடுத்த வழி நியாயமானதல்ல. ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்து, பணம் திரட்டி, அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். சக்ஸபோன் என்று ஒரு வாத்தியமே இல்லை என்றார்கள். இருந்தாலும் அது புதிதல்ல, முன்பே உள்ளது என்றார்கள். அவருடைய வாத்தியங்களை வாங்கி, முத்திரையை அழித்து, வெளிநாட்டுப் பெயர் பொறித்துச் சாட்சியாகக் கொண்டுவந்ததாகவும் எழுதப்பட்டுள்ளது. இத்தனைக்கும் நடுவில் 1846 ஜூன் மாதம் எட்டு அளவுச் சக்ஸபோன்களுக்கு 15 வருட ஆக்கவுரிமை கிடைத்தது.

இந்த இடத்தில் எமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நாம் இந்நாட்டுக்கு வந்த புதிதில் எமது பட்டச் சான்றிதழையும் தொழிற் சான்றிதழையும் கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகம் ஒன்று, அப்படியொரு பல்கலைக்கழகம் தங்கள் பட்டியலில் இல்லை என்றது. பல மாதம் கழித்து, பட்டியலில் இருக்கிறது, ஆனால் பழையது என்றது. இரண்டு வருடம் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கினோம். இல்லை என்பதும் பிறகு இருக்கிறது ஆனால் புதிதல்ல என்பதும் சக்ஸுக்குக் கிடைத்த அதே பதில் என்று வாசித்தபோது சிரிப்பு வந்தது. அன்றைக்கு வரவில்லை.

1848இல் பிரான்சில் புரட்சி. மன்னர் போனார், அவருடைய அரசு பிறப்பித்த இராணுவ வாத்தியக் கட்டளையும் போனது. கணக்காளர் கண்ணுக்கு இது தெளிவாகத் தெரிகிறது: ஒரேயொரு பெரிய வாடிக்கையாளரை நம்பி விரிவாக்கிய வியாபாரம், அந்த வாடிக்கையாளர் விலகியதும் சரிந்தது. மறுபுறம் வழக்குச் செலவு நிற்கவில்லை. 1849இல் அரசு விருது, 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் உயர்ந்த பதக்கம். 1852இல் முதல் வங்குரோத்து. பதக்கத்தைக் கடன்காரர் ஏற்பதில்லை.

மூன்றாம் நெப்போலியன் அவரைக் கைதூக்கி விட்டார். 1854இல் பேரரசரின் வாத்தியக்காரர் என்ற பதவி வந்தது. நீதிமன்றங்களும் சாதகமாகத் தீர்ப்பளித்தன. அப்போது உடல் கைவிட்டது. உதட்டில் ஒரு கட்டி. ஊதுபவருக்கு உதடுதானே எல்லாம்! ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, வாயைத் திறந்து உண்ணவும் முடியாத நிலை வந்தது. சத்திரசிகிச்சைக்கு அஞ்சி, பாரிசில் கறுப்பு வைத்தியர் என்று பெயர்பெற்ற ஒருவரின் மூலிகை வைத்தியத்தை நாடினார். 1859இல் கட்டி குறையத் தொடங்கி மறைந்துவிட்டது. ஆனால் 1860இல் அவருடைய ஐந்து பிள்ளைகளின் தாய் லூயிஸ் அடெல் காலமானார். முறைப்படி மணம் செய்யாமலே வாழ்ந்தவர்கள். அந்த அம்மையாரைப் பற்றி வரலாற்று நூல்கள் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

அதே 1860இல் ஆக்கவுரிமை மேலும் ஐந்து வருடம் நீடிக்கப்பட்டது. வழக்குகளில் கழிந்த காலத்துக்கு அது ஒரு நட்டஈடு போல. 1866இல் முடிந்ததும் வேறு பட்டறைகளும் சக்ஸபோன் செய்யத் தொடங்கின. இருபது வருடம் அப்படியொன்று இல்லை என்று வாதாடியவர்களுக்கு அது இப்போது வேண்டியிருந்தது. சக்ஸோ புதுப்புது எண்ணங்களில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். கிரிமியப் போர்க் காலத்தில் ஒரு பிரமாண்டமான பீரங்கிக்குத் திட்டம் வரைந்திருந்தார். பிறகு நோயாளர் அறையின் காற்றைத் தாரினால் சுத்திகரிக்கும் கருவி செய்தார். எமது வாடிக்கையாளராக இருந்திருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்போம். அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

பாரிஸ் இசைக் கல்லூரியில் 1857 முதல் இராணுவ மாணவருக்குச் சக்ஸபோன் கற்பித்தார். 1870இல் ஜேர்மனியரோடு யுத்தம் மூண்டதும் அந்த வகுப்பு மூடப்பட்டது. மீண்டும் அந்தக் கல்லூரியில் அவ்வகுப்பு திறக்க 1942ஆம் ஆண்டாயிற்று. 1873இல் இரண்டாவது வங்குரோத்து, 1877இல் மூன்றாவது. அவ்வருட டிசம்பரில் அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த 400க்கும் மேற்பட்ட வாத்தியங்கள் ஏலத்தில் போயின. அவற்றிற் சில பாரிஸ், பிரசெல்ஸ் நூதனசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தமையால் தப்பின. ஒரு வாத்தியக்காரரின் வீட்டிலிருந்து வாத்தியங்கள் ஒவ்வொன்றாக இலக்கமிடப்பட்டு வெளியே போவதை எண்ணிப் பார்க்கிறோம். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த எவருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

முதுமையில் தமது அவல நிலையைச் சொல்லிப் பொதுமக்களுக்குப் பத்திரிகை மூலம் முறையிட்டார். 1894 பெப்ரவரியில், 79ஆவது வயதில் பாரிசில் காலமானார். மகன் அடோல்ப் எடுவார் தொழிலைத் தொடர்ந்தார்; 1920களின் இறுதியில் அப்பட்டறை செல்மர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்நேரம் அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர்கள் சக்ஸபோனுக்கு உலகமெங்கும் வேறொரு வாழ்வைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியவர் குறிப்பிட்ட மதுச்சாலைப் பெயர் அங்கிருந்து வந்தது. அந்தக் கலைஞர்களையும் வேறு மேடைகளில் ஏற விடாத காலம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எமது இசைக்குக் கிளாரினெட் முன்பே வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிகளில் அது பக்கவாத்தியமாக ஒலித்தது, பின்னர் ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். சக்ஸபோனுக்கு அந்தப் பணியைச் செய்தவர் கத்ரி கோபால்நாத். 1949இல் கர்நாடகத்தில் ஒரு நாதஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர். மைசூர் அரண்மனைப் பாண்ட் குழுவில் சக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதை எடுத்து, கமகம் பேசும்படி வாத்தியத்திலும் மாற்றங்கள் செய்து, ஆண்டுக்கணக்கில் சாதகம் பண்ணினார். துளையை நேரே விரலால் மூடும் நாதஸ்வரத்தில் விரலை மெல்ல விலக்கிக் கமகம் பிடிக்கலாம். மூடி போட்ட சக்ஸபோனில் அது இலகுவல்ல. உதடும் மூச்சும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கூம்புக் குழல் என்ற உறவு மட்டும் துணைக்கு இருந்தது. 1994இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் வாசித்தார். அதே வருடம் டூயட் திரைப்படத்தின் வழியாக எமது வீடுகளுக்குள்ளும் வந்தார். 2019இல் காலமாகும்வரை கோவில் சந்நிதிகளிலும் அவர் வாசித்த வாத்தியம் இதுதான். வாணிவிழா மேடையில் அந்தப் பிள்ளை ஊதியதும் இந்த வழியில் வந்த வாசிப்பே.

1990களில் பெல்ஜிய நாட்டு வங்கி புதிய 200 பிராங்கு நோட்டை வெளியிட்டது. அதில் அச்சிடப்பட்டது அடோல்ப் சக்ஸின் உருவம். மூன்று முறை வங்குரோத்தான மனிதரின் முகத்தை ஒரு மத்திய வங்கி பணத்தாளில் அச்சிட்டது எமது தொழிலில் நாம் கண்ட வேடிக்கைகளில் முதன்மையானது. 2002இல் யூரோ வந்ததும் அந்த நோட்டும் புழக்கத்திலிருந்து போய்விட்டது.

பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர்த் திருவிழாவுக்கு எமது அங்கத்தவர் குடும்பங்கள் சில ஆண்டுதோறும் போய்வருவது தெரிந்ததே. லா ஷப்பல் நிலையத்தில் 2ஆம் இலக்கப் பாதாள இரயிலில் ஏறி நான்காவது தரிப்பான பிளான்ஷில் இறங்கினால், சிறிது தூரத்தில் மொன்மார்த்ர் மயானம் இருக்கிறது. சக்ஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1842இல் அவரைப் பற்றி முதன்முதல் பாரிசில் நல்ல வார்த்தை எழுதிய பெர்லியோஸின் கல்லறையும் அதே மயானத்தில் உண்டு. வாணிவிழாவில் வாசித்த பிள்ளையின் தாயாரிடம் இந்த வழியை எழுதிக் கொடுத்திருக்கிறோம். இம்முறை தேருக்குப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்.